மச்சினனின் நீல வேன்

அந்த நீல வேன் தோட்டத்துக்குள் ஏறி வந்த நாளிலிருந்து அழகமுத்துவுக்குச் சோறு இறங்கவில்லை. வாய்க்கு ருசி இல்லை என்று மனைவி சுதர்ஷினியிடம் சொன்னான். காய்ச்சலாக இருக்கும், கொத்தமல்லி அவித்துத் தருகிறேன் என்றாள் அவள். வயிற்றெரிச்சலைக் கொத்தமல்லி என்ன செய்யும்? அந்த எரிச்சலுக்குக் காரணமே அவளுடைய கூடப் பிறந்த தம்பி என்னும்போது, அதை அவளிடம் வாய்விட்டுச் சொல்லத்தான் முடியுமா?

அழகமுத்து லேசுப்பட்ட ஆள் இல்லை. வேன் வரும்வரைக்கும் இல்லை. தெரணியகலை டவுனுக்கு மேலே, பஸ் திரும்பும் இடத்திலிருந்து இன்னும் நாலு மைல் ஏறினால் வருகிற தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து லொறி அவன் கையில்தான் இருந்தது. முந்நூறு குடும்பத்துக்கு ஒரு லொறி, ஒரு டிரைவர். பள்ளிக்கூடம் விட்டதும் அதே லொறியில் கிளீனராக ஏறி, ஆறு வருஷம் டயர் கழுவி, இருபத்து மூன்று வயதில் லைசன் எடுத்தவன். அதற்குப் பிறகு இருபத்திரண்டு வருஷம் ஆகிவிட்டது. தோட்டத்து மானேஜரான பெரிய தொரை மற்றவர்களைக் கூப்பிட கங்காணியிடம் சொல்லி அனுப்புவார். அழகமுத்துவை மட்டும் பேர் சொல்லிக் கூப்பிடுவார். பிள்ளை பெறப் போகிறவளையும், பாம்பு கடித்தவனையும், கல்யாணத்துக்கு நாற்காலியையும் ஏற்றி இறக்கியது அவன்தான். அவனுடைய போன் அடித்தால் நாதஸ்வரமும் தவிலும் கல்யாண வீடு மாதிரி முழங்கும். அந்தச் சத்தத்தை வைத்தே அவன் எந்த லயத்து வீட்டு வரிசைப் பக்கம் நிற்கிறான் என்று ஜனங்கள் சொல்லிவிடுவார்கள்.

இதோடு இன்னொரு பெருமையும் இருந்தது. அவனுக்குச் சட்டம் தெரியும். சில வருஷங்களுக்கு முன்னால் பொலிசில் தோட்டத்து டிரைவர்களை எல்லாம் கூப்பிட்டு உட்கார வைத்து ஒரு வகுப்பு நடத்தினார்கள். மற்றவர்கள் பின் வரிசை வாங்கில் தூங்கினார்கள். அழகமுத்து மட்டும் மகளின் கொப்பியைக் கொண்டுபோய் முன் வரிசையில் உட்கார்ந்து எழுதிக்கொண்டு வந்தான். அன்றிலிருந்து யார் அகப்பட்டாலும் விடமாட்டான்.

"ரத்தத்துல நூறு மில்லிக்கு எம்பது மில்லிகிராம். அதைத் தொட்டுச்சோ, கேஸ்தான். எனக்கு ஏறவே இல்ல சார், தெளிவா இருக்கேன்னு சொல்றதெல்லாம் எடுபடாது. ஏறிச்சா இல்லையான்னு ஒன் தலைக்குத் தெரியாது, பொலிசு ஊதச் சொல்ற பலூனுக்குத்தான் தெரியும். ஊத மாட்டேன்னு சொன்னா தப்பிச்சிரலாம்னு நெனைக்காத. மறுத்தாலும் குடிச்சதாத்தான் எடுத்துக்குவாங்க. அபராதம் கட்டணும், லைசனையும் நிறுத்தி வச்சிருவாங்க. அப்புறம் நீ டிரைவர் இல்ல, சும்மா ஆளு."

தோட்டத்தில் அவனுக்கு 'லோயர்' என்று பட்டப்பெயர். கேலிக்குத்தான் வைத்தார்கள். அவனோ அதைப் பட்டமாகவே எடுத்துக்கொண்டான். சனிக்கிழமை இரவு வீட்டுக்குள் கொஞ்சம் குடிப்பான், அதை ஒளிக்கவில்லை. ஆனால் ஒரு சொட்டு உள்ளே போன பிறகு சாவியைத் தொட்டதில்லை. இருபத்திரண்டு வருஷமாக அந்த லைசனில் ஒரு கீறல் இல்லை. பிளாஸ்டிக் உறைக்குள் போட்டுச் சட்டைப் பையில் நெஞ்சோடு வைத்திருப்பான்.

இப்படி இருந்த மனுஷனின் வாழ்க்கையில்தான் நிரோஷன் வந்து சேர்ந்தான். அவன் சுதர்ஷினியின் தம்பி, முப்பது வயது. எட்டு வருஷம் கொழும்பில் ஒரு ஹார்ட்வேர் கடைக்குச் சாமான் ஏற்றி இறக்கும் வண்டி ஓட்டிவிட்டு, லீசிங் கடன் போட்டு வேன் ஒன்றோடு திரும்பியிருந்தான். காலையில் கார்மென்ட் ஆலைப் பெண்கள், பிறகு பள்ளிக்கூடப் பிள்ளைகள், பின்னேரம் திரும்ப இவர்களே. குடிக்க மாட்டான். சிகரெட் இல்லை. வெற்றிலை கூடப் போட மாட்டான். ஒரு மனுஷன் இத்தனை நல்லவனாக இருந்தால் பக்கத்தில் நிற்பவன் என்னதான் செய்வது?

முன்பு கொழுந்து லொறியைக் கைகாட்டி நிறுத்தியவர்கள் இப்போது கையைக் கீழே போட்டுவிட்டு வேனுக்காக நின்றார்கள். "லொறியில ஏறினா சீலையெல்லாம் கொழுந்துச் சாறு" என்று ஒருத்தி அவன் காதுபடச் சொன்னாள். இத்தனை வருஷமாக அந்தச் சாறு அவளுக்குத் தெரியவில்லையாம். பெரிய தொரை ஆபீஸ் வாசலில் நின்று, "அந்தப் பையன் நல்ல பையன், என்ன அழகமுத்து?" என்று கேட்டார். ஆமாம் சார் என்று சொல்லிவிட்டு லொறிக் கதவை அறைந்து சாத்தினான். மகள் பள்ளிக்கூடத்தில் கட்டுரை எழுதிப் பாராட்டு வாங்கி வந்தாள். தலைப்பு, 'எங்கள் மாமாவின் வேன்'. அப்பாவின் லொறியைப் பற்றி அவளுக்கு ஒரு வரியும் வரவில்லை.

டவுனில் டயர் கடை வைத்திருக்கும் ஜஸீல் நானாவும் சேர்ந்துகொண்டார். லொறிக்குக் காற்றடிக்கப் போன இடத்தில், "அழகமுத்து, ஒங்கட மச்சினனப் பாத்தன். ஒவ்வொரு நட்டையும் தானே கையால தொட்டுப் பாத்துத்தான் வேன எடுக்கிறான். அப்பிடி ஒரு டிரைவர நான் காணல்ல" என்றார். அழகமுத்து அந்த லொறியின் நட்டுகளை இருபத்திரண்டு வருஷம் தொட்டுப் பார்த்தவன். ஜஸீல் நானா அதைக் கண்டதே இல்லையா?

எல்லாவற்றையும் பொறுத்திருப்பான். ஒரு நாள் மத்தியானம் லொறியோடு வளைவில் ஒதுங்கி வேனுக்கு வழிவிட்டான். முன் சீட்டில் சுதர்ஷினி உட்கார்ந்திருந்தாள். கண்ணாடியை இறக்கி, காற்றில் முடி பறக்க, தம்பி சொன்ன எதற்கோ சிரித்துக்கொண்டிருந்தாள். லொறியில் அவள் சிரித்து அவன் பார்த்ததில்லை. லொறியில் ஏறினால் அவளுக்கு எப்போதும் இடுப்பு வலிதான். அன்று ராத்திரி சோற்றுத் தட்டை அப்படியே தள்ளிவிட்டான்.

வேன் வந்து ஒரு மாதம் ஆகியும் முனியாண்டிக்குப் படையல் போடவில்லை. தோட்டத்து வழக்கம் அது. தோட்டத்தில் யார் வண்டி வாங்கினாலும், அது மோட்டார் சைக்கிளாக இருந்தாலும், மூன்றாவது வளைவில் கல்லாக நிற்கும் முனியாண்டிக்குச் சேவல் அறுத்து, சுருட்டும் சாராயமும் வைத்துக் கும்பிட வேண்டும். படையல் வைப்பது மச்சான் முறைக்காரனின் உரிமை. படைத்த சாராயத்தில் முதல் வாய் வண்டிக்காரன் குடிக்க வேண்டும். மீதியைக் கீழே ஊற்றக் கூடாது, வீட்டுக்கும் எடுத்துப் போகக் கூடாது. அந்த இடத்திலேயே முடித்துவிட வேண்டும். நிரோஷன் குடிக்காதவன் என்பதால் இன்றைக்கு நாளைக்கு என்று தள்ளிக்கொண்டே வந்தான். மாமியார் மருதாயி விடவில்லை. "முனிக்குச் செய்யாத வண்டியில பிள்ளைகள ஏத்துவியாடா?" என்று மகனைப் பிடித்துக்கொண்டாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை குறித்தார்கள். படையல் முடிந்ததும் பெண்களும் பிள்ளைகளும் அதே வேனில் அவிசாவளைக்குப் போய் ஸ்டூடியோவில் குடும்பப் படம் எடுப்பது என்று ஏற்பாடு.

நாள் குறித்ததிலிருந்து அழகமுத்துவுக்கு ஒரு யோசனை ஓடியது. அது நல்ல யோசனை இல்லை என்று அவனுக்கே தெரியும். ஆனால் அதை நினைத்த ராத்திரி மட்டும் நிம்மதியாகத் தூக்கம் வந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் டவுனுக்கு வெளியே பாலத்தடியில் ட்ரபிக் பொலிஸ் பலூனோடு நிற்கும். வகுப்பில் கொடுத்த ட்ரபிக் நம்பர் இன்னும் அவன் போனில் இருந்தது. நிரோஷன் ஒரே ஒரு தடவை பிடிபட்டால் போதும். பள்ளிக்கூட வேன்காரன் குடித்துவிட்டு ஓட்டினான் என்று பேர் வந்தால், எந்தத் தாய் பிள்ளையை ஏற்றுவாள்? அதற்கு மேல் அவன் யோசிக்கவில்லை. வேன் லீசிங் என்ன ஆகும், மாமியார் என்ன ஆவாள் என்பதையெல்லாம் யோசித்தால் யோசனை கெட்டுவிடும் என்று விட்டுவிட்டான்.

அந்த ஞாயிறு காலை பதினொரு மணிக்கு முனியாண்டிக் கல்லின் முன்னால் ஒரே புகை. வேனுக்கு மாலை, நெற்றியில் சந்தனம், நாலு டயருக்கும் கீழே எலுமிச்சம்பழம். அழகமுத்து வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு படையலை வைத்தான். யாரோ அவனிடம் ஒரு கிளாசை நீட்டியபோது, எல்லோருக்கும் கேட்கிற மாதிரிச் சத்தமாகச் சொன்னான்.

"எனக்கு வேணாங்க. நான் டிரைவர். பகல்ல வாயில வைக்கிற பழக்கம் எனக்கு இல்ல."

பிறகு கிளாஸ் நிறைய ஊற்றி நிரோஷனிடம் கொடுத்தான்.

"மச்சான், நானும் டிரைவர்தானேங்க. எனக்கு வழக்கம் இல்லைன்னு ஒங்களுக்குத் தெரியும்."

"இது குடி இல்ல மாப்ள, படையல். பிரசாதம் மாதிரி. நீ வண்டிக்காரன், நீ குடிக்காட்டி முனிக்கு வச்சதே செல்லாது."

"பொலிசு?"

"சட்டம் எனக்குத் தெரியுமா, ஒனக்குத் தெரியுமா? இதெல்லாம் பலூன்ல காட்டாது. குடி."

"மச்சான் சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று சொல்லி, மூக்கைப் பிடித்துக்கொண்டு பாதிக் கிளாசைக் குடித்தான் நிரோஷன். இருமல் வந்து கண்ணில் தண்ணீர் கட்டியது. பெண்கள் சிரித்தார்கள். மீதியை அழகமுத்து கையிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டுச் சேவல் கறியை எடுத்து வாயில் போட்டுக்கொண்டான். அவன் அப்படி நம்பியதுகூட அழகமுத்துவுக்கு எரிச்சலாக இருந்தது.

கூட்டத்தை விட்டு வளைவுக்கு அப்பால் போய்ப் போனை எடுத்தான். குரலைத் தணித்துச் சிங்களத்தில் பேசினான். நீல வேன், புதுசு, மாலை போட்டிருக்கும். டிரைவர் முப்பது வயதுப் பையன், குடித்திருக்கிறான். உள்ளே பிள்ளைகள் இருக்கிறார்கள், கொஞ்சம் கவனியுங்கள். மறுமுனையில் நன்றி சொன்னார்கள். ஒரு நல்ல குடிமகன் செய்ய வேண்டியதைத்தான் செய்தோம் என்று போனைப் பையில் போட்டான்.

திரும்பி வந்தபோது, படையலுக்கு வந்திருந்த பூசாரி கல்லுக்குப் பின்னால் மிச்சப் போத்தலோடு உட்கார்ந்திருந்தார். "எனக்குச் சீனி வியாதி அழகமுத்து. ஒரு வாய்க்கு மேல முடியாது. கீழ ஊத்தவும் கூடாது. நீதானே படைச்சவன், நீ முடி" என்றார். கல்லுக்கு அப்பால் எட்டிப் பார்த்தான். வேனைச் சுற்றி எல்லோரும் நின்று போனில் படம் பிடித்துக்கொண்டிருந்தார்கள். மகள் பொனட்டில் சாய்ந்து நின்றாள். சுதர்ஷினி தம்பியின் முகத்தைத் தன் முந்தானையால் துடைத்துவிட்டாள். அழகமுத்து நிரோஷன் வைத்த பாதிக் கிளாசை ஒரே மடக்கில் ஊற்றிக்கொண்டான். பிறகு போத்தலில் இருந்ததை இரண்டு தடவையாக. படையலை முடிப்பது கடமை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். வெற்றிலையைக் குதப்பிக்கொண்டு வெளியே வந்தபோது உள்ளுக்குள் சுகமாக இருந்தது. தான் எங்கேயும் போகப் போவதில்லை, வீட்டில் படுத்துத் தூங்க வேண்டியதுதான்.

நிரோஷன் நேராக அவன் முன்னால் வந்து நின்றான். கையில் சாவி.

"மச்சான், நீங்க ஓட்டுங்க."

"என்னது?"

"பலூன்ல காட்டுதோ காட்டலயோ, எனக்குத் தலை ஒரு மாதிரி இருக்குங்க. பிள்ளைகள வச்சிக்கிட்டு நான் ஓட்ட மாட்டேன். இங்க வாயில வைக்காத டிரைவர் நீங்க ஒருத்தர்தானே. முதல் தூரப் பயணம், ஒங்க கையால எடுத்தா நல்லது."

அழகமுத்துவின் வாயில் வெற்றிலை அப்படியே நின்றது. இந்த ஒரு மாதமாக அவன் எதற்கு ஏங்கினானோ அது சாவியாக அவன் முகத்துக்கு முன்னால் தொங்கியது. "அப்பா ஓட்டப் போறாரு!" என்று மகள் கைதட்டினாள். மருதாயி, "எம் மருமகன் கை ராசியான கை" என்று ஒரு எலுமிச்சம்பழத்தை அவன் தலையைச் சுற்றி வீசினாள். சுதர்ஷினி அவனைப் பார்த்துச் சிரித்தாள். வேன் சிரிப்பு. அவனுக்காகச் சிரித்தாள்.

நான் குடித்திருக்கிறேன் என்று சொல்ல ஒரு நொடி போதும். சொன்னால், கொஞ்ச நேரத்துக்கு முன் சத்தம் போட்டுச் சொன்னது பொய்யாகும். லோயர் பின்னால் போய்த் திருட்டுத்தனமாகக் குடித்தான் என்று முந்நூறு குடும்பமும் சிரிக்கும். அந்தச் சிரிப்பையும் அவன் தாங்கியிருப்பான். சுதர்ஷினியின் அந்தச் சிரிப்பு அணைவதைத்தான் அவனால் பார்க்க முடியவில்லை. சாவியை வாங்கினான். பாலத்துக்கு ஒரு மைல் முன்னால் எஞ்ஜின் சூடு என்று சொல்லி நிறுத்திவிடலாம் என்று கணக்குப் போட்டான்.

நிரோஷன் பக்கத்து சீட்டில் ஏறினான். சுதர்ஷினி நேர் பின்னால். அதற்குப் பின்னால் மாமியாரும், பெண்களும், மடிக்கு ஒன்றாகப் பிள்ளைகளும். வேன் நகர்ந்தது. என்ன லேசான ஸ்டியரிங்! லொறியோடு மல்லுக்கட்டிய கைக்கு அது விளையாட்டுச் சாமான் போல இருந்தது. பின்னால் பிள்ளைகள் பாட ஆரம்பித்தார்கள். வழியில் நின்றவர்கள் எல்லாம் எட்டிப் பார்த்தார்கள். "லோயர் ஓட்டுறாருடோய்!" என்று யாரோ கத்தினான். அழகமுத்து ஹோர்ன் அடித்துப் பதில் சொன்னான். சாராயமும் சந்தோஷமும் ஒன்றாக ஏறினால் மைல் கணக்கு மறந்துபோகும். எஞ்ஜின் சூடாக வேண்டிய இடம் எப்போதோ பின்னால் போய்விட்டது. கடைசி வளைவு திரும்பியதும் பாலம் தெரிந்தது. பாலத்தடியில் காக்கிச் சட்டையும் தெரிந்தது. சார்ஜன் சாலையின் நடுவுக்கு வந்து கையை நீட்டினார்.

லைசன், இன்சூரன்ஸ் எல்லாம் சரியாக இருந்தன. சார்ஜன் ஜன்னல் பக்கம் குனிந்தார், மூக்கைச் சுருக்கினார், இறங்கச் சொன்னார். ஒரு கண்ணாடிக் குழாயையும் பலூனையும் நீட்டி, "பிம்பின்ன" என்றார். ஊது.

அழகமுத்துவுக்குச் சட்டம் முழுவதும் ஒரே நேரத்தில் ஞாபகம் வந்தது. மறுத்தாலும் குடித்ததாகத்தான் எடுத்துக்கொள்வார்கள். ஊதினாலும் அதே இடம்தான். இதை நூறு பேருக்குச் சொல்லிக் கொடுத்தவன் அவன். ஊதினான். குழாய்க்குள் மஞ்சளாக இருந்த தூள் பச்சையாகிக் கோட்டைத் தாண்டிப் போனது.

"சார், இது குடி இல்ல. சாமிக்குப் படைச்சது" என்றான் சிங்களத்தில். இருபத்திரண்டு வருஷ அனுபவமும் ஒரு கொப்பி நிறையக் குறிப்பும் வைத்திருந்தவனுக்கு அந்த நேரத்தில் அதுதான் வாயில் வந்தது.

"சாமி குடிச்சிருந்தா சாமியை ஊதச் சொல்லியிருப்பேன்" என்றார் சார்ஜன்.

நிரோஷன் இறங்கி ஓடி வந்தான். "மச்சான், நீங்க குடிக்கலைன்னுதானேங்க..." என்று ஆரம்பித்துப் பாதியில் நிறுத்தினான். சார்ஜன் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். ஸ்டேஷனில் இருந்து சொன்னது முப்பது வயது டிரைவரை. இங்கே நிற்பவனுக்கு நாற்பத்தைந்து. இதே மாதிரி இன்னொரு வேன் பின்னால் வருகிறதோ என்னவோ, தகவல் சொன்ன ஆளிடமே கேட்டுவிடலாம் என்று சத்தமாகச் சொல்லி, ஸ்டேஷனில் கொடுத்த நம்பரைத் தன் போனில் அழுத்தினார்.

அழகமுத்துவின் சட்டைப் பையில் நாதஸ்வரம் முழங்கியது. தவிலும் சேர்ந்துகொண்டது.

பிள்ளைகள் பாட்டை நிறுத்தியிருந்தார்கள். சார்ஜன் காதிலிருந்து போனை எடுத்தார், அழுத்தி நிறுத்தினார். நாதஸ்வரம் நின்றது. நம்ப முடியாமல் மறுபடி அழுத்தினார். மறுபடி முழங்கியது. அவர் அழகமுத்துவின் காதருகில் வந்து, "பொலிசில் இருபது வருஷம் இருந்துட்டேன். தன்னையே காட்டிக் கொடுத்த ஆளை இன்னைக்குத்தான் பார்க்கிறேன்" என்றார் மெல்லிய சிங்களத்தில். அழகமுத்து நிரோஷனைப் பார்க்கவில்லை. நிரோஷன் தன்னைப் பார்க்கிறான் என்பது பார்க்காமலே தெரிந்தது.

அதற்குப் பிறகு எல்லாம் சட்டப்படி நடந்தது. டாக்டரிடம் கொண்டுபோனார்கள். பொலிசில் உட்கார வைத்தார்கள். ஜஸீல் நானா அனுப்பிய ஒரு டிரைவர் வேனை எடுத்துக்கொண்டுபோய்ப் பெண்களையும் பிள்ளைகளையும் தோட்டத்தில் விட்டான். படம் எடுக்கப் போட்ட பூவும் பவுடரும் அப்படியே திரும்பின. பின்னேரம் பிணைக்குக் கையெழுத்துப் போட்டு அழகமுத்துவை வெளியே எடுத்தவன் யார்? நிரோஷன்தான். வேறு யார் வருவார்கள்? நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டான். அபராதம் போட்டார்கள். ஒரு வருஷத்துக்கு லைசனை நிறுத்தி வைத்தார்கள். சட்டைப் பையில் அந்த இடம் வெறுமையாகிவிட்டது. கை மட்டும் பழக்கத்தில் அங்கே போய்ப் போய் வந்தது.

பெரிய தொரை லொறிச் சாவியை வாங்கிக்கொண்டு, கீழ்ப் பிரிவில் உர ஸ்டோரில் மூட்டை அடுக்கும் வேலை கொடுத்தார். லொறியையும் நீயே ஓட்டுகிறாயா என்று நிரோஷனைக் கேட்டாராம். அது மச்சானுடைய லொறி சார், அவர் திரும்பி வருவாரே என்று சொல்லிவிட்டானாம். இதைக் கேட்ட அன்று அழகமுத்து உர மூட்டை ஒன்றைக் காலால் உதைத்து விரலில் வீக்கம் வாங்கிக்கொண்டான்.

உர ஸ்டோர் மூன்று மைல் கீழே. காலையில் ஆறரைக்கு லயத்துக்கு முன்னால் நீல வேன் ஹோர்ன் அடிக்கும். முன் சீட் அவனுக்காகக் காலியாக இருக்கும். கார்மென்ட் பெண்கள் நெருக்கிக்கொண்டு நின்றாலும் அந்த சீட்டில் யாரையும் உட்கார விடமாட்டான் நிரோஷன். கேலி இல்லை, குத்தல் இல்லை, முகத்தில் ஒரு சுளிப்பும் இல்லை. மழை, கிரிக்கெட், டயர் விலை என்று பேசிக்கொண்டே போவான். ஏசியிருந்தால் அழகமுத்து திருப்பி ஏசியிருப்பான். அடித்திருந்தால் இன்னும் நல்லது. இந்த நல்லதனத்தை வைத்துக்கொண்டு ஒரு மனுஷன் என்ன செய்வது? வேனைப் பார்த்துப் பொறாமைப்பட்டது போதாதென்று இப்போது அவன் பொறுமையைப் பார்த்தும் பொறாமைப்பட வேண்டியிருந்தது.

மூன்று மாதம் ஆயிற்று. சுதர்ஷினி ஒன்றும் கேட்கவில்லை. அப்படியானால் தம்பி அவளிடம் சொல்லவில்லை. என்றைக்காவது சொல்வான், இன்றைக்குச் சொல்வான் என்று தினமும் அவள் முகத்தைப் பார்த்துப் பார்த்து அலுத்துப்போனான். ஒரு காலையில் மற்றவர்கள் ஏறும் முன்பே கேட்டுவிட்டான்.

"ஏன் ஒங்க அக்காகிட்ட சொல்லல?"

நிரோஷன் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தான். எதைச் சொல்லவில்லை என்று கேட்கவில்லை.

"அது நான் சொல்ற விசயம் இல்லைங்க மச்சான்" என்றான்.

அவ்வளவுதான். அன்று பூராவும் மூட்டை அடுக்கும்போது அந்தப் பேச்சு அழகமுத்துவைப் பிடுங்கியது. பெரிய மனுஷத்தனத்தையும் இவனே குத்தகைக்கு எடுத்துக்கொண்டானா? பின்னேரத்துக்குள் ஒரு முடிவுக்கு வந்தான். தானே சொல்லிவிட வேண்டும். திருந்திவிட்டதால் இல்லை. நிரோஷன் செய்ய முடியாத ஒரு நல்ல காரியம் இந்த உலகத்தில் அது ஒன்றுதான் பாக்கி இருந்தது. அதையாவது அவனுக்கு முன்னால் செய்துவிட வேண்டும்.

அன்று சாப்பாட்டு நேரம், சுதர்ஷினி சோற்றைப் போட்டு வைத்தாள். அவன் தட்டைத் தொடவில்லை.

"அன்னைக்கி பொலிசுக்குப் போன் பண்ணது நான்தான். ஒந்தம்பிய மாட்டி விடத்தான் பண்ணேன். அவன்மேல எனக்குப் பொறாம. வேன்மேல, அவன் பேர்மேல, நீ அதுல முன்னாடி உக்காந்து சிரிக்கிறியே, அதுமேல. எல்லாத்து மேலயும்." சொல்லி முடிக்கும்போது குரல் உடைந்தது. இப்படி உடையும் என்று அவன் எதிர்பார்க்கவில்லை.

சுதர்ஷினி கரண்டியைக் கீழே வைத்தாள்.

"தெரியும்" என்றாள்.

"அவன் சொல்லிட்டானா?"

"அவன் என்னத்தச் சொல்றது? நான் ஒங்க பின்னாடிதானே உக்காந்திருந்தேன். பதினெட்டு வருசமா கேக்குற நாதஸ்வரம் எனக்குத் தெரியாதா? சார்ஜன் ரெண்டு தரம் அடிச்சாரு, ரெண்டு தரமும் ஒங்க பையிலதான் அடிச்சிச்சி. எனக்கு அப்ப இருந்த கோவத்துக்கு அன்னைக்கே பிள்ளையக் கூட்டிக்கிட்டு அம்மா வீட்டுக்குப் போயிருப்பேன். நிரோஷன்கிட்ட சண்டைக்குப் போனேன், ஏன்டா சும்மா இருக்கேனு. அவன்தான் கையெடுத்துக் கும்பிட்டான். 'மச்சான் கெட்டவரு இல்லக்கா. ஒருநாளு அவரே ஒங்கிட்ட சொல்லுவாரு. அதுவரைக்கும் நீ கேக்காத'ன்னான்." அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "சொல்லிட்டீங்க. அவன் சொன்ன மாதிரியே."

அழகமுத்து தலையைக் குனிந்துகொண்டான். வெட்கப்பட வேண்டிய நேரம். வெட்கப்பட்டான், கண்ணும் கலங்கியது. ஆனாலும் அடிவயிற்றில் அந்தப் பழைய சூடு ஒன்று புரண்டு எழுந்ததை அவனால் மறைக்க முடியவில்லை. வாழ்க்கையில் யோசித்துச் செய்த ஒரே ஒரு பெரிய காரியம். அதையும் அந்தப் பயல் மூன்று மாதத்துக்கு முன்பே இவன் செய்வான் என்று சொல்லி வைத்திருக்கிறான்.

"கள்ளப் பய" என்றான்.

சுதர்ஷினிக்கு அழுகைக்கு நடுவில் சிரிப்பு வந்துவிட்டது. வேனில் சிரித்த அதே சிரிப்பு. தட்டை அவன் பக்கம் தள்ளி வைத்தாள். அழகமுத்து சோற்றைப் பிசைந்தான். இறங்கியது. இன்னொரு கரண்டி வைத்தாள், அதையும் சாப்பிட்டான்.